மாதா சாய்ந்ததற்கு ஜீப்தான் காரணம் என்றார்கள்

எங்கள் தெரு மாதா ஒரு வருஷம் திருவிழா ஊர்வலம் முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டே போனாள். அவள் நின்றிருந்த என் ஜீப் பின்பக்கம் குந்திப்போயிருந்தது, அதனால் சொரூபம் மல்லாந்தது. அதை யாரோ படம் எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். கீழே கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக விழுந்தன. நடுவில் ஒருவர் மட்டும் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார். அவர் யார் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் அவர் வீட்டு வாசலைத் தாண்டும்போது ஹாரனைக் கொஞ்சம் கூடுதலாகத்தான் அழுத்துகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது காட்டூர். தெரு முனையில் ஒரு கெபி உண்டு. கல்லும் சிமெண்டும் வைத்துக் குகை மாதிரி கட்டி, உள்ளே வியாகுல மாதாவின் சொரூபத்தை வைத்திருக்கிறோம். செப்டம்பரில் திருவிழா. கடைசி நாள் சாயங்காலம் பூசை முடிந்ததும் மாதாவுக்குச் சேலை கட்டி, மாலை போட்டு, மரச் சப்பரத்தில் நிறுத்தி, சப்பரத்தை ஜீப்பின் பின்னால் ஏற்றித் தெருத்தெருவாகக் கொண்டுபோவோம். கெபி கட்டிய நாளிலிருந்து அவளைச் சுமந்தது எங்கள் ஜீப். ஓட்டியது என் வீட்டுக்காரர்.

மற்ற நாட்களில் அதே ஜீப் வாழை இலை சுமந்தது. ஏதோ ஒரு அரசு ஆபீஸ் கழித்துவிட்ட வண்டியை ஏலத்தில் எடுத்து வந்தார் அவர். எங்களுக்கு இலை வியாபாரம். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரத் தோட்டங்களில் இலை அறுத்து, கட்டு கட்டி, கல்யாணச் சமையல்காரர்களுக்கும் ஓட்டல்களுக்கும் போடுவது. அந்தத் தோட்டத்துப் பாதையில் லாரி போகாது, ஆட்டோ போனால் திரும்பாது. ஈர இலைக்கட்டு பார்க்கத்தான் பச்சை, தூக்கினால் கல். இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கல்லைச் சுமந்த ஜீப்பின் பின்பக்கம் இறங்காமல் என்ன செய்யும்? மனுஷனுக்கே இடுப்பு போய்விடுகிறது.

வீட்டுக்காரருக்குச் சர்க்கரை கண்ணில் ஏறியபின் விடியலில் ஸ்ரீரங்கம் போய்வந்தது நான்தான். லைசென்ஸ் எடுத்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட்டினேன். ஆனால் திருவிழா அன்று மட்டும் ஸ்டியரிங் அவர் கையில்தான் இருக்க வேண்டும். கடைசி இரண்டு மூன்று வருஷங்கள் அவருக்கு எதிரே நிற்பது ஆளா கம்பமா என்றே தெரியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து உதடு அசையாமல் "லெஃப்ட்டு, இன்னும் லெஃப்ட்டு, பிரேக்கு" என்று சொல்லிக்கொண்டே வருவேன். நான் ஜெபமாலை சொல்வதாகத் தெரு நினைத்துக்கொண்டது. பாதிக் கண் தெரியாத ஆம்பளை மாதாவை ஓட்டிக்கொண்டு போனதில் ஒருவருக்கும் ஒரு ஆட்சேபணையும் இருந்ததில்லை.

அவர் ஒரு கோடையில் இறந்துபோனார். அந்தச் செப்டம்பரில் நான் துக்கத்தில் இருந்தேன். விழாக் குழுச் செயலாளர் வந்து சாவியைக் கேட்டார், கொடுத்தேன். அவருடைய மருமகன் ஓட்டினார். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மாதா மல்லாந்து போனது அந்த வருஷம்தான். செயலாளர் வீட்டு வாசலில் ஒரு வேகத்தடை உண்டு. அதில் ஏறி இறங்கும்போது ஜீப்பின் பின்பக்கம் 'டங்'கென்று இடித்தது, சப்பரம் ஆடியது, நாலு ஆண்கள் ஓடிவந்து கையைக் கொடுத்துப் பிடித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்காரர் நினைப்பில் பாதி, ஜீப்பை இப்படி ஓட்டுகிறானே என்ற ஆத்திரத்தில் பாதி.

வீட்டுக்காரர் இறந்த முதலாம் ஆண்டுப் பூசை முடிந்தது. அடுத்த திருவிழாவுக்குக் கூட்டம் போட்டார்கள். நானும் போய் உட்கார்ந்தேன், இந்த வருஷம் நான் ஓட்டுகிறேன் என்று சொல்வதற்காக. நான் வாயைத் திறப்பதற்குள் செயலாளர் செல்போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினார்.

"தங்கச்சி தப்பா நினைக்கக் கூடாது. ஜீப்பு பின்னாடி உக்காந்துபோச்சு. மாதா மல்லாக்கப் போறது பார்க்க நல்லாவா இருக்கு? இந்த வருஷம் ஒரு மினி லாரி பேசிடலாம்."

"ஜீப்பு உக்காந்துட்டா எழுப்பிக்கலாம்ண்ணே. நான் சரி பண்ணித் தரேன்."

"அவ்வளவு பழைய வண்டியை..."

"சரி பண்ணிட்டா? ஜீப்புதானே?"

கூட்டத்தில் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கொடியேத்தத்துக்கு முன்னாடி காட்டு. மட்டமா நின்னா ஜீப்புதான்" என்றார். அதை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். வாக்கு கொடுத்தவர் மறந்தாலும் வாங்கினவள் மறக்க மாட்டாள்.

அரியமங்கலத்தில் லாரிகளுக்குப் பட்டை கட்டும் பட்டறை ஒன்று இருக்கிறது. பட்டை என்றால் வண்டிக்கு அடியில் வில் மாதிரி வளைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்குமே, அந்த இரும்புப் பட்டைகள். சுமை அதன்மேல்தான் நிற்கும். பட்டறைக்காரர் ஒரு பாய். குப்புறக் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வில்லா இருந்தது வெறும் பலகையாப் போச்சும்மா" என்றார். ஜாக்கி போட்டுச் சட்டத்தைத் தூக்கி, அச்சோடு பட்டையை இறுக்கிப் பிடித்திருந்த யு போல்ட்டுகளைக் கழற்றினார்கள். துரு ஏறி அவை வருவேனா என்றன. அடுக்கைக் கீழே இறக்கி நடு போல்ட்டை உருவியதும் பட்டைகள் தனித்தனியாகச் சரிந்தன. வலது பக்க அடுக்கில் மூன்றாவது பட்டை இரண்டு துண்டாக வந்தது.

"இது உடைஞ்சு ரொம்ப நாளாச்சும்மா. உடைஞ்ச இடம் தேய்ஞ்சு பளபளன்னு இருக்கு பாருங்க. இதோடவா லோடு அடிச்சீங்க?"

அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். உடைந்ததை வைத்துக்கொண்டே யாருக்கும் தெரியாமல் சுமந்திருக்கிறது. என்னைப் போல என்று இந்த இடத்தில் எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், எழுத மாட்டேன். இரும்பு இரும்புதான், நான் நான்தான். அந்தத் துண்டு இப்போது எங்கள் கொல்லைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

உடைந்ததற்கு வேறு பட்டை போட்டு, மற்றவற்றைச் சம்மட்டியால் அடித்து மறுபடி வளைவு ஏற்றலாம் என்றார் பாய். அவர் அதோடு நிறுத்தியிருப்பார். நான்தான் விடவில்லை. "கூட ரெண்டு பட்டை போடுங்க பாய். இனி இந்த ஜென்மத்துக்கு இறங்கக் கூடாது. பின்பக்கம் நல்லாத் தூக்கிட்டு நிக்கணும்" என்றேன். அவருக்கும் மணல் லாரிக்குப் பட்டை கட்டிப் பழகிய கை. "போட்டுட்டாப் போச்சு" என்று லாரிக் கழிவிலிருந்து கனத்த பட்டைகளாகப் பார்த்து இரண்டு பக்கமும் கூட்டிக் கட்டிவிட்டார்.

ஜீப் தூக்கிக்கொண்டு நின்றது. எப்படி? வாலைத் தூக்கிய தேள் மாதிரி. இலைக்குப் போகும்போது காவிரிப் பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் சீட்டிலிருந்து என்னை எழுப்பி எழுப்பி உட்கார வைத்தது. ஆனாலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. கெபிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, நாலு பேரை விட்டு வெறும் சப்பரத்தைத் தூக்கிப் பின்னால் வைக்கச் சொன்னேன். சப்பரம் முன்பக்கம் கவிழ்ந்துகொண்டு நின்றது. பாரம் ஏறினால் இறங்கிவிடும் என்று சப்பர லைட்டுக்கு வைக்கிற ஜெனரேட்டரையும் ஏற்றிப் பார்த்தேன். மணல் சுமக்கப் பிறந்த பட்டைக்கு ஜெனரேட்டர் எந்த மூலைக்கு? அசையவே இல்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை.

செயலாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

"போன வருஷம் வானத்தைப் பார்த்தாங்க. இந்த வருஷம் குப்புற விழுந்து தரையைப் பார்க்கப்போறாங்க. உனக்கு எதுக்கும்மா இந்த அலைச்சல்? மினி லாரிக்குச் சொல்லி வெச்சிருக்கேன்."

"கொடியேத்தத்துக்கு இன்னும் நாள் இருக்குல்லண்ணே" என்றேன். குரல் நிமிர்ந்துதான் வந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் காலை ஸ்ரீரங்கத்தில் ஒரு சமையல் கான்ட்ராக்டர் வீட்டுக்கு இலை இறக்கப் போனேன். கோயிலைச் சேர்ந்த குடும்பம். எங்கள் வீட்டுக்காரர் காலத்திலிருந்தே அவருக்கு இலை போடுகிறோம். திருமண் இட்ட நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "என்னம்மா இது, உன் ஜீப் முன்னாடி சேவிச்சுண்டு நிக்கறது?" என்றார். எரிச்சலில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாதா, மினி லாரி, பட்டை, தேள் எல்லாம்.

அவர் சிரித்தார். "வெறும் வண்டிக்கு மட்டம் பார்த்தா எப்படிம்மா? இங்கே பெருமாள் புறப்பாட்டுக்குத் தோள் குடுக்கற ஸ்ரீபாதம்தாங்கிகள் நிக்கறாளே, பார்த்திருக்கியோ? தோள் உயரத்தை ஒத்துப் பார்த்துத்தான் ஆளை நிறுத்துவா. அதுவும் பெருமாள் எழுந்தருளினப்புறம், பாரம் தோள்ல இறங்கினப்புறம்தான் யார் தோள் தாழறது, யார் தோள் நிமிர்றதுன்னு தெரியும். உங்க அம்மாவை வண்டியில ஏளப்பண்ணிட்டு அப்புறம் மட்டம் பாரு. ஆமா, இன்னிக்கு இலை ஏன் இவ்வளவு கிழிசல்?"

இலை கிழிந்ததற்கும் அதே பட்டைதான் காரணம். அதைச் சொல்லவில்லை. பாலத்தில் திரும்பி வரும்போது எனக்கு ஒரே யோசனை. திருவிழாவுக்கு முன்னால் சொரூபத்தைக் கெபியிலிருந்து இறக்கவிட மாட்டார்கள். இறக்கி அரியமங்கலம் பட்டறைக்குக் கொண்டுபோகிறேன் என்றால் என்னைத் தெருவிலேயே இருக்கவிட மாட்டார்கள். மாதாவின் கனத்துக்கு நான் எங்கே போவேன்?

எங்கள் அன்பியத்தில் கேட்டேன். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாரம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வதைத்தான் அன்பியம் என்கிறோம். பெயருக்கு ஆண்களும் உண்டு. வருவது பெண்கள். அன்பியத் தலைவி புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் நர்ஸக்கா. நான் முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கணக்குப் போட்டுவிட்டார்.

"சொரூபத்தை நாலு ஆம்பளைங்க தூக்குறாங்க. அதுல ரெண்டு பேர் சும்மா கை வெச்சுட்டு வர்றவங்க. அப்ப மாதாவுக்கு நம்மள்ல ரெண்டு பேர். சப்பரத்துக்கு ரெண்டு பேர். ஜெனரேட்டருக்கு ஒருத்தி. எல்லாரும் நாளைக்கு வாங்க."

மறுநாள் பத்து மணிக்கு ஜீப்பின் பின்னால் அன்பியமே ஏறியது. ரயில்வே கேட்டுக்கும் அரியமங்கலத்துக்கும் இடையில் வந்த ஒவ்வொரு பள்ளத்துக்கும் "யேசுவே" என்று ஒரு சத்தம். பட்டறை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர்கள் கிளாஸை வாயருகே வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார்கள். பாய் வெளியே வந்து பார்த்தார்.

"யா அல்லாஹ்! என்னம்மா, இது பட்டறையா ஜெபக்கூட்டமா?"

"ரெண்டும்தான் பாய். இதுதான் லோடு. இந்த லோடுக்கு ஜீப்பு மட்டமா நிக்கணும்."

"லேடீஸை ஏத்திவெச்சு யாராவது பட்டை கட்டுவாங்களா?"

"மணலை ஏத்திவெச்சுக் கட்டுறீங்கல்ல?" என்றார் நர்ஸக்கா. பாய் ஜாக்கியை எடுத்து வந்தார்.

கூட்டிப் போட்ட பட்டைகளை இரண்டு பக்கமும் உருவிவிட்டு முடுக்கினார்கள். பெண்கள் ஏறினார்கள். மேஸ்திரிகள் வைத்துப் பார்க்கிற ரசமட்டத்தைப் பக்கத்துக் கட்டட வேலையில் கேட்டு வாங்கி வந்து, பின்பக்கத் தரைத்தகட்டில் வைத்தேன். குமிழி முன்பக்கம் ஓடியது. அப்படியென்றால் பின்பக்கம் இறங்குகிறது. எல்லாரும் இறங்கினார்கள். மறுபடி கழற்றி, லாரிப் பட்டைக்குப் பதில் மெல்லிசாக ஒரு பட்டை கூட்டினார்கள். மறுபடி ஏறினார்கள். இந்தத் தடவை வலது பக்கம் மட்டும் தாழ்ந்தது. யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தால், ஜெனரேட்டராக நிற்க வேண்டியவர் வலது ஓரத்தில் வந்து நின்று டிரைவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் அவருக்குத்தான் சத்தம் அதிகம், அதனால்தான் ஜெனரேட்டர் வேலையையே கொடுத்திருந்தோம்.

"நீ பின்னாடி போ. அங்கதான் ஜெனரேட்டர் இருக்கும்" என்றார் மாதாவாக நின்ற ஒருவர்.

"அப்ப நீ மட்டும் மாதாவா நடுவுல நிப்ப!"

"மாதான்னா பேசாம நிக்கணும். உன்னால முடியுமா?"

சிரித்துச் சிரித்து ஜீப்பே குலுங்கியது. குமிழி நிற்பதற்கு அவர்கள் சிரிப்பு அடங்க வேண்டியிருந்தது. அடங்கியது. குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து நின்றது. பாய் குனிந்து பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய், எல்லாருக்கும் டீ சொன்னார். அந்த டீயைப் போல ஒரு டீயை நான் அதற்குப் பிறகு குடிக்கவில்லை. வீட்டுக்காரர் போனபின் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கிளம்பும்போது பாய் சொன்னார், "பட்டை உக்கார்றதுக்குக் கொஞ்ச நாள் ஓடணும்மா. அப்புறம் யு போல்ட்டை இன்னொரு தடவை முடுக்கிடுங்க. இல்லாட்டி லூஸாயிடும்."

கொடியேற்றத்துக்கு முதல் நாள் ஜீப்பைக் கெபிக்கு முன்னால் நிறுத்தினேன். சப்பரத்தையும் ஜெனரேட்டரையும் ஏற்றி, மாதாவுக்குப் பதில் பேசாமல் நிற்கக்கூடிய இருவரை நிறுத்தி, ரசமட்டத்தை வைத்தேன். கூட்டத்தில் இருந்த எல்லாரும் வந்து குமிழியைப் பார்த்தார்கள். செயலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை, போட்டுக்கொண்டு ஒருமுறை பார்த்தார். மினி லாரிக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொன்னார். ஆனால் அவர் முகம் தெளியவில்லை. ஜீப் நேரானால் என் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றுதான் அன்றைக்கு நான் நினைத்தேன். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்பார்கள். இங்கே சறுக்கலை நான் எடுத்துவிட்டேன், அவர்களுக்குச் சாக்கு இல்லாமல் போனது. அவ்வளவுதான்.

திருவிழா நாள் மத்தியானம். பாய் சொன்னபடி யு போல்ட்டை முடுக்கத் தெருவிலேயே ஜீப்புக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்தேன். ஸ்பேனரில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கிக்கொண்டால் பெண்பிள்ளைக் கைக்கும் இறுகும். செருப்பு போட்ட இரண்டு கால்கள் வந்து பக்கத்தில் நின்றன.

"நல்ல நாளும் அதுவுமா நீ ஏன் தங்கச்சி இதெல்லாம்? மருமகன்கிட்ட சொன்னாப் பார்த்துப்பாருல்ல. அவருதானே ஓட்டப்போறாரு."

செயலாளரின் கால்கள். நான் எல்லா போல்ட்டையும் முடுக்கி முடித்தேன். வெளியே வந்து பார்த்தபோது அவர் போயிருந்தார். கை முழுக்க கிரீஸ். சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். நகக்கண்ணில் இருந்தது போகவில்லை, போகாவிட்டால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். வெள்ளைச் சேலை கட்டவில்லை. என் வீட்டுக்காரருக்குப் பிடித்த கத்தரிப்பூ நிறப் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டினேன்.

பூசை முடிந்தது. நர்ஸக்காவும் மற்றவர்களும் மாதாவுக்கு ஊதாச் சேலை சுற்றி, கொசுவம் வைத்து, மல்லிகை சூட்டினார்கள். சொரூபத்தைத் தூக்கிச் சப்பரத்தில் நிறுத்தினார்கள். அவள் நேராக நின்றாள், தெருவைப் பார்த்துக்கொண்டு. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது, லைட் எரிந்தது. எல்லாரும் மெழுகுவர்த்தியைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். நான் டிரைவர் சீட் கதவில் கை வைத்தேன். செயலாளர் வந்து என் முன்னால் கையை நீட்டினார்.

"சாவியைக் குடு தங்கச்சி."

"ஜீப்பு மட்டமாத்தானே நிக்குதுண்ணே?"

"ஜீப்புல ஒரு குறையும் இல்ல."

"பின்ன?"

அவர் சுற்றிலும் பார்த்தார். அவருடைய மருமகன் செல்போனைப் பார்த்தார். பங்குச் சாமியார் தன் அங்கியில் இல்லாத தூசியைத் தட்டினார்.

"மங்கலமான காரியம்மா இது. நீ பின்னாடி ஜெபம் சொல்லிட்டு வா, யாரு வேணாம்னா? முன்னாடி நீ உக்காந்து, மாதாவுக்கு முன்னாடி நீ போனா... நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். புருஷன் இல்லாதவ..."

சொல்லிவிட்டார். ஒருவழியாக வாயால் சொல்லிவிட்டார். பட்டை, சாய்மானம், மினி லாரி என்று இத்தனை நாள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தவர், சோறு தீர்ந்ததும் பூசணிக்காயை வெளியே எடுத்தார். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. ஆனால் கத்தவில்லை. ஜெனரேட்டர் சத்தத்தில் கத்தினால் பாதிதான் கேட்கும். அவர் காதருகே போய், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் விழுகிற மாதிரி நிதானமாகச் சொன்னேன்.

"பின்னாடி நிக்கிறாங்களே, அவங்க யாருண்ணே? வியாகுல மாதா. புருஷனையும் பறிகொடுத்து, பெத்த பிள்ளையையும் மடியில பிணமா வாங்கினவங்க. அவங்களைப் பூ வெச்சு, பொட்டு வெச்சு, பட்டுக் கட்டி தெருவெல்லாம் கூட்டிட்டுப் போறீங்க. அவங்க வரலாம், நான் ஓட்டக் கூடாதா? அப்ப அவங்களையும் இறக்கி விட்டுருங்க."

நீட்டிய கை அப்படியே நின்றது. "மாதா வேறம்மா, நாம வேற" என்று அவர் ஆரம்பித்தார்.

அதற்குள் நர்ஸக்கா சிலுவை அடையாளம் போட்டு ஜெபமாலையைத் தொடங்கிவிட்டார். மைக் அவர் கையில் இருந்ததை யாரும் கவனித்திருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஜெபமாலை தொடங்கிவிட்டால் சப்பரம் நகர வேண்டும். நடுவில் நிறுத்தி வாக்குவாதம் செய்ய எந்தக் குழுவுக்கும் துணிச்சல் கிடையாது. அன்பியத்துப் பெண்கள் உரக்கப் பதில் சொன்னார்கள். ஜெனரேட்டராக நின்றவரின் குரல் ஜெனரேட்டரையே அமுக்கியது. தெரு முழுக்கச் சேர்ந்துகொண்டது. செயலாளரின் நீட்டிய கையும் வேறு வழியில்லாமல் நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டுக்கொண்டது.

நான் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்துச் சீட் காலியாக இருந்தது. வீட்டுக்காரருக்கு நான் லெஃப்ட்டு, ரைட்டு சொல்லி வந்த இடம். ஒரு நிமிஷம் அதன்மேல் கையை வைத்துவிட்டு, சாவியைத் திருப்பினேன். குறைந்த கியரில் போட்டால் இந்த ஜீப் நடக்கிற ஆளின் வேகத்தில் தானே போகும், ஆக்ஸிலேட்டரைத் தொடவே வேண்டாம். அவர் ஓட்டியதும் அப்படித்தான்.

வீட்டு வாசல்களில் மெழுகுவர்த்தியோடு நின்றவர்கள் முதலில் மாதாவைப் பார்த்துக் கும்பிட்டார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். சிலர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். நாலு பேர் நாலு விதமாகப் பேசியும் இருப்பார்கள். என் காதில் இன்ஜின் சத்தமும் ஜெபமும்தான் விழுந்தது.

செயலாளர் வீட்டு வாசல் வந்தது. வேகத்தடையைப் பார்த்ததும், போன வருஷம் ஓடிவந்து பிடித்த அந்த நாலு ஆண்கள் இரண்டு பக்கமும் ஓடிவந்து கையை உயர்த்தி நின்றார்கள். செயலாளரும் அதில் ஒருவர். முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறியது. பட்டை மெதுவாக அமுங்கி, மெதுவாக நிமிர்ந்தது. 'டங்' என்ற சத்தம் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அதில் மாதாவின் முகம் தெரியாது, ஊதாச் சேலையின் கரை மட்டும்தான் தெரியும். அந்தக் கரை ஆடவில்லை. நாலு ஆண்களும் உயர்த்திய கையோடு நின்றார்கள், பிடிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.